எலும்பீடு

பாவாயியின் எலும்புகளின் மேல் இருந்த கடன் ஆறு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். அன்று காலை வரைக்கும் அசலும் வட்டியும் சேர்ந்த தொகை அது. சாம்பக்கரட்டின் ஊர் எல்லையில் நிற்கிற எலும்புமானிக்குள் அவள் ஒரு காலை வைத்ததும், தலைக்கு மேலிருந்த கண்ணாடிப் பட்டையில் அந்தத் தொகை சிவப்பாக எரிந்தது. மணியும் அடிக்கத் தொடங்கியது.

எலும்புமானி பார்க்க வெறும் நிலைப்படி மாதிரிதான் இருக்கும். கதவில்லாத நிலை. அதற்குள் நுழைகிற உடம்பு யாருடையது, அதன் எலும்புகளில் எத்தனை கிராம் உலோகம் படிந்திருக்கிறது, அந்த உலோகம் யாரிடம் ஈடாக இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிடும். அவள் புருசன் அர்த்தநாரி முன்னாலேயே தாண்டிப் போயிருந்தான். அவனுக்குப் பச்சை. அந்தப் பக்கம் சேலம் போகும் மினி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சன்னலோரம் இருந்தவர்கள் பாவாயியின் கடனைப் படித்துவிட்டு, படிக்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மணிய நிறுத்துப்பா சென்றாயா. கை ஒடஞ்ச பொம்பள நிக்கறா" என்றான் அர்த்தநாரி.

சென்றாயன் அந்த வாசலுக்குக் காவல். சுரங்கம் ஓடிய காலத்தில் அர்த்தநாரியோடு ஒரே துளைக்கருவியைப் பிடித்தவன்.

"நான் அடிக்கற மணியா மாப்ள இது? அக்கா காலப் பின்னால எடுத்தாத்தான் அது வாய மூடும்."

"ஆசுபத்திரிக்குப்பா. சாயங்காலம் திரும்பிருவோம்."

"கண்ணாலம், எழவுன்னா ஒரு நாளைக்குச் சீட்டு குடுக்கறாங்க. ஆசுபத்திரிக்குக் குடுக்கறதில்ல. போனா எலும்பக் கழுவிட்டு வந்துருவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

பாவாயி காலைப் பின்னால் எடுத்தாள். மணி நின்றது.

"எழவுக்குச் சீட்டு உண்டா தம்பி? அப்ப என்ற எழவுக்கு நான் போயிட்டு வரலாமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

சென்றாயன் சிரிக்கவில்லை. பஸ்காரன் இரண்டு முறை ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அர்த்தநாரி பச்சை வெளிச்சத்தின் வழியாகவே திரும்பி உள்ளே வந்தான்.

இதே வாசலை ஒரு காலத்தில் சனங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாண்டினார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

சாம்பக்கரடு முதலில் வெறும் கரடு. நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆட்டுக்குக்கூடத் தழை இல்லாத சாம்பல் நிறக் குன்று. அதன் வயிற்றுக்குள் தாங்கியம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தைப் பிடித்துத் தனக்குள் தாங்கி வைத்துக்கொள்கிற உலோகம் என்பதால் அந்தப் பேர். லாரியிலிருந்து வீட்டு விளக்கு வரைக்கும் எந்த மின்கலமும் அது இல்லாமல் ஆகாது என்ற நிலைமை வந்தது. கல்லை உடைத்தால் அது கேழ்வரகு மாவு மாதிரி பொடியாகக் கிளம்பும். அதனால் ஊரில் யாரும் தாங்கியம் என்று சொன்னதில்லை. மாவு. மாவு வேலை, மாவு லாரி, மாவுக் கம்பெனி.

முதலில் குழிக்குள் இறங்கியவர்கள் இருமி இருமியே செத்தார்கள். ஆள் கிடைக்காமல் சுரங்கம் நின்றுவிடும் போலிருந்த சமயத்தில்தான் கட்டுமருந்து வந்தது. வெல்லக்கட்டி மாதிரி இருக்கும், தித்திக்கும். தினம் ஒன்று வாயில் போட்டுக்கொண்டால், மூச்சில் போன மாவை அது நுரையீரலில் தங்கவிடாமல் இரத்தத்தில் கரைத்துக் கொண்டுபோய் எலும்பில் வைத்துக் கட்டிவிடும். எலும்புக்குள் இருக்கிற வரைக்கும் மாவு யாரையும் ஒன்றும் செய்யாது. இருமல் நின்றது. சனங்கள் அந்த மருந்தைக் கட்டி என்று கூப்பிட்டார்கள். பெண்கள் வெற்றிலையோடு சேர்த்து மென்றார்கள். கல்யாணப் பந்தியில் பூந்திக்குப் பக்கத்தில் அதையும் ஒன்று வைக்கிற பழக்கம் வந்தது.

பிறகு கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, தங்கள் மாவு ஆட்களின் எலும்பில் ஏறி ஊருக்குள் போகிறது என்று கண்டார்கள். அது திருட்டு என்று வழக்குப் போட்டார்கள். அப்போது செய்ததுதான் எலும்புமானி. வழக்கு நாலு வருசம் இழுத்தது. உடம்பில் படிந்தது உடம்புக்காரனுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு ஊரே வெடி போட்டது. அர்த்தநாரி ஒரு ஆட்டை அறுத்துத் தெருவுக்கே கறிச்சோறு போட்டான். எலும்பு நம்முடையது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று சனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொந்தமானதைத்தான் அடகு வைக்க முடியும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தை மாசம் கடைத்தெருவில் எலும்பீட்டு நிலையம் திறந்தார்கள். எலும்பை ஈடு வைத்துக் கடன் வாங்கலாம். மாவு அப்போது கிராம் இருபத்தோராயிரம். நூற்றுக்கு எழுபது வீதம் கையில் கொடுத்தார்கள். எலும்பு எங்கேயும் போக வேண்டியதில்லை, உடம்பிலேயே இருக்கும். ஆள் செத்த பிறகு மீட்புலையில் எரித்தால் சாம்பலிலிருந்து மாவு தனியாக வந்துவிடும். கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாரிசுக்குக் கொடுப்பார்கள். செத்தால்தான் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிற கடனை யார் வேண்டாம் என்பார்கள்? ஓட்டு வீடுகள் மச்சு வீடுகள் ஆயின. மளிகைக் கடைக்காரன் கிராமைக் கேட்டுக் கடன் கொடுத்தான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் படிப்பைப் போடுகிற இடத்தில் கிராமைப் போட்டார்கள்.

மாசம் ஒரு தடவை எலும்பு நாள் வரும். குளித்து, துவைத்த துணி உடுத்தி எலும்புமானி முன்னால் வரிசை நிற்பார்கள். ஒலிபெருக்கியில் பேரும் கிராமும் சொல்வார்கள். பாவாயிக்குப் பொறுக்குப் பட்டையில் வேலை. நகர்ந்து வரும் கல்லில் மாவுக்கல்லை எடுத்து வெறுங்கல்லைத் தள்ள வேண்டும். அங்கே தூசி அதிகம் என்பதால் முகமூடி கட்டாயம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். முகமூடி போட்டவளுக்கு வருசத்துக்கு ஒரு கிராம் ஏறினால், கழற்றியவளுக்கு மூன்று ஏறியது. முதலில் மேஸ்திரி இல்லாத நேரத்தில் கழற்றினார்கள். பிறகு மேஸ்திரியும் கழற்றிவிட்டான்.

"மூஞ்சிய மூடிக்கிட்டுச் சம்பாரிக்க நான் என்ன திருடியா?" என்பாள் பாவாயி.

அவளுக்கு அறுபத்தொரு கிராம் வந்தது. அர்த்தநாரிக்கு ஐம்பத்தொன்பது.

"ரெண்டு கிராம் பெரியவ நானு. மரியாதையாப் பேசுங்க மாமா" என்று அந்த வருசம் முழுக்க அவனைச் சீண்டினாள். அவன் தண்ணீர் கேட்டால்கூட, "சின்னவங்கதான் மொண்டு குடிக்கோணும்" என்பாள்.

அர்த்தநாரி வீட்டுக்காகத் தன் எலும்பை ஈடு வைத்துச் சம்பளத்திலேயே மீட்டுவிட்டான். மகள் சுகந்தியின் என்ஜினியரிங் படிப்புக்குப் பாவாயி வைத்தாள். ஐந்து லட்சம். பெண்களுக்குத் தனியாகக் கொடுக்க மாட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்த குழுவாக வர வேண்டும். ஒருத்தி ஈட்டோடு ஓடிப்போனால் மற்ற ஒன்பது பேரும் கட்ட வேண்டும். இதில் யாருக்கும் பயமில்லை. எலும்பை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

எல்லாம் உப்பில் கரைந்துபோயிற்று. கடலோரத்தில் எங்கோ ஒருவர் சாதாரண உப்பை வைத்தே மின்கலம் செய்துவிட்டார். முதலில் அது பொம்மைக்குத்தான் ஆகும் என்றார்கள். பிறகு ஸ்கூட்டர் ஓடியது. பிறகு லாரி. மாவு கிராம் ஒன்பதாயிரத்துக்கு இறங்கியபோது கம்பெனி இரவு வேலையை நிறுத்தியது. நாலாயிரத்துக்கு வந்தபோது பம்புகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழியில் தண்ணீர் நின்றது. டீக்கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. வயசுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போனார்கள். ஈடு வைத்தவர்கள் போக முடியவில்லை. அடகில் இருக்கிற பொருள் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கம்பெனியோடு கட்டியும் நின்றுபோனதைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டி இருந்தால்தான் மாவு எலும்பில் நிற்கும். இல்லாவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகி மறுபடி இரத்தத்துக்கு இறங்கும். போகும்போது எலும்பின் சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு முதலில் வந்தது. பாவாயி ஒரு நாள் நனைந்த போர்வையைப் பிழிந்தாள். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலது முன்கை இரண்டாக மடங்கியது. போர்வை கிழிந்த சத்தம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம்.

கட்டு வைத்த வைத்தியர் ஒரு வழி சொன்னார். சேலத்தில் ஒரு எலும்புக் கழுவகம் இருக்கிறது. இரத்தத்தை வெளியே எடுத்து, மாவைப் பிரித்துவிட்டு உள்ளே ஏற்றுவார்கள். முப்பது தடவை செய்தால் எலும்பு வெறும் எலும்பாகிவிடும். காசு வேண்டாம், எடுக்கிற மாவை அவர்களே வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் போங்கள், அடுத்து இடுப்பு என்றார்.

அதற்குத்தான் அன்றைக்கு மினி பஸ்ஸுக்குப் போனார்கள்.

வாசலிலிருந்து திரும்பிய கையோடு அர்த்தநாரி எலும்பீட்டு நிலையத்துக்குப் போனான். மேலாளர் கிருபாகரன் நல்ல பையன். யார் வந்தாலும் எழுந்து நாற்காலி போடுவான்.

"கழுவிட்டா ஈடு எங்க இருக்குங்க ஐயா? நகைய அடகு வெச்சவங்க, கொஞ்சம் குடுங்க உருக்கிட்டு வந்தர்றேன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றான் கிருபாகரன்.

"நகைக்கு வலிக்காதுங்க சார்."

கிருபாகரன் பேனாவை மூடி மூடித் திறந்தான்.

"என்ற எலும்ப எடுத்துக்கங்க. அம்பத்தொம்பது கிராமு. எங்கயும் ஈடு இல்ல. அவளத விட்ருங்க."

"இன்னைக்கு ரெண்டாயிரம்ங்க. அம்பத்தொம்பது கிராமுக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அதுல எழுபது பெர்சன்ட் எண்பத்தி ரெண்டாயிரத்து அறுநூறு. அம்மா கடன் ஆறு எண்பத்தி மூணு."

"அவளுக்கு எடை போட்டப்ப இருபத்தோராயிரம்னுதானுங்க சொன்னீங்க?"

"அது அன்னைக்கு வெலைங்க. திரும்ப ஏறும். மேலிடத்துல ஏறும்னுதான் சொல்றாங்க. ஏறலைன்னாலும் நீங்க பயப்பட வேண்டாம். கட்டச் சொல்லி யாரும் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டோம். எல்லாம் பின்னாடி உலையில கழிச்சுக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அர்த்தநாரியும் சரிங்க என்று கும்பிட்டு வெளியே வந்தான். செருப்பு மாட்டும்போதுதான் அந்தப் பேச்சின் பொருள் அவனுக்கு ஏறியது. அவன் அங்கேயே ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டான். பாவாயி செத்தால் கடன் தீரும். அவர்கள் காத்துக்கொண்டிருப்பது அதற்கு. விலை ஏறுகிற நாளாகப் பார்த்துச் செத்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொன்னான். "கரட்டுக்குப் பின்னால ஆட்டுத்தடம் இருக்குது புள்ள. அந்தப் பக்கம் எலும்புமானி இல்ல. முதுகுல தூக்கிக்கறேன். கழுவகத்துல போன் போட்டுக் கேட்டுட்டேன். ஈடு கீடுன்னு அவங்க பாக்கறதில்லயாம். மாவு வந்தாச் சரியாம்."

பாவாயி இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டையில் வேலை பார்த்த விரல்கள், வேகம் குறையவில்லை.

"நான் போயிட்டா என்ற கடனு யாரு தலையில விழும்?"

அவன் அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டான்.

"சொல்லுங்க. எங்க குழுத் தங்காயி தலையில. அவளுக்கு முதுகே நிமிரல. நல்லம்மா தலையில. ஆளுக்கு முக்கால் லட்சம் வரும். நான் கழுவி வெள்ளையா வந்து அவளுக மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"அவங்களப் பாத்தா ஆகுமா? நீ பொழைக்கோணுமே."

"அவளுகளும் பொழைக்கோணுமல்ல மாமா. பத்துப் பேரும் போற மாதிரி ஒரு தடம் இருந்தாச் சொல்லுங்க, நானே முன்னால நடக்கறேன்."

அப்படி ஒரே ஒரு தடம்தான் இருந்தது. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்வது. குழுப் பெண்கள் எலும்பீட்டு நிலையத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் நாள் இருபது பேர். அந்த வாரக் கடைசியில் கடைத்தெரு முழுக்க நிறைந்துவிட்டது. கட்டுப் போட்ட கைகள், தொட்டில் துணியில் தொங்கவிட்ட கைகள், கக்கத்தில் கட்டை. ஆண்கள் அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கினார்கள். அர்த்தநாரி காலையில் பாவாயியை பிளாஸ்டிக் சேரோடு தூக்கிக்கொண்டு வந்து வைப்பான், சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவான். முதல் மாசம் அவளாக எழுந்து சேரில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு நாள் தும்மினாள். இடுப்பு போய்விட்டது.

தலைவர்கள் வந்து பேசினார்கள். போட்டோ எடுத்தார்கள். கிருபாகரன் தினமும் கதவைத் திறந்து, பெண்களுக்கு ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். கதவுக்கு மேலே அன்றன்றைய மாவு விலை ஓடும் பலகை இருந்தது. ஆயிரத்து நானூறு. எண்ணூறு. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். விலை இறங்க இறங்கக் கழுவகத்துக்காரன் வேண்டாம் என்றுவிடுவானோ என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. விலை இறங்கினால் ஈடு சீக்கிரம் விடுபடும் என்று அவர்கள் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகையில் எண் குறையும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு சந்தோசம் ஓடியது.

மாசிக் கடைசியில் தங்காயி செத்தாள். வழக்கமாக யார் செத்தாலும் ஒரு மணி நேரத்தில் மீட்புலையின் வண்டி வந்து நிற்கும். பிணத்துக்குச் சீல் வைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு வண்டி வரவில்லை. போன் போட்டதற்கு, உலைக்கு ஆகும் மின்சாரச் செலவே மாவின் விலையைவிட அதிகம், நீங்களே எரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தங்காயியின் மகன் விறகு வாங்க ஓடினான். ஊரில் விறகில் எரித்துப் பல வருசம் ஆகியிருந்தது. சிதை அடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருந்தது. மறுநாள் சாம்பலில் நீலமாக ஏதோ மினுங்கியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு வீட்டையே மச்சு வீடாக்கிய பொருள் அங்கே காற்றில் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அர்த்தநாரிக்கு ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. ஆனால் அது என்ன என்று அவனுக்குத் தெரிவதற்குள் கடைத்தெருவில் வெடிச்சத்தம் கேட்டது.

தள்ளுபடி. எலும்பீட்டுக் கடன் அத்தனையும் தள்ளுபடி. எல்லை வாசலில் மணி அடிக்காது. யாரும் எங்கேயும் போகலாம்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்ளப் பயந்து, எலும்பு நொறுங்கிவிடும் என்று பயந்து, விரல் நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு அழுதார்கள். அர்த்தநாரி அங்கே நிற்கவில்லை. வேன் பிடித்து, பின்சீட்டில் மெத்தை போட்டு, பாவாயியைப் படுக்க வைத்தான். எல்லையில் எலும்புமானி சும்மா நின்றது. சென்றாயன் வெளியே வந்து, "போயிட்டு வா அக்கா" என்று கையாட்டினான்.

சேலத்தில் அந்தக் கட்டடம் அப்படியேதான் இருந்தது. போர்டு மட்டும் மாறியிருந்தது. முடி நடும் நிலையம். வழுக்கைத் தலை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த டாக்டரம்மா பழைய ஆள்தான். வேனுக்கே வந்து பார்த்தார். பாவாயியின் காலைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மிசின் இருக்குங்களா?" என்று அர்த்தநாரி கேட்டான்.

"ஒண்ணு இருக்கு. ஓட்டறதில்லை. அப்பல்லாம் எடுக்கற மாவுதான் எங்களுக்குக் கூலி. இப்ப அதைக் குப்பையில கொட்டறதுக்கே நாங்க காசு கட்டணும்."

"காசு குடுத்தா?"

"ஒரு தடவைக்குப் பதினஞ்சாயிரம் ஆகும். முப்பது தடவை."

அர்த்தநாரி மனசுக்குள் பெருக்கினான். நாலரை லட்சம். வீட்டை விற்றால்? சாம்பக்கரட்டில் வீடு வாங்க யார் இருக்கிறார்கள்? சுகந்தி கோயமுத்தூரில் வாங்கும் சம்பளத்தில் வாடகை போக அனுப்புவது மாசம் மூவாயிரம்.

மெத்தையில் இருந்து பாவாயி கேட்டாள். "போன வருசம் நான் வந்திருந்தா சும்மாவே கழுவியிருப்பீங்களா அம்மா?"

"ஆமாம்மா. சந்தோசமாக் கழுவியிருப்போம்."

"போன வருசம் விட மாட்டேன்னாங்க. எனக்குள்ள காசு இருக்குதுன்னு. இப்ப விட்டுட்டாங்க." அவள் கொஞ்ச நேரம் வேனின் கூரையைப் பார்த்தாள். "தப்பு உங்க மேல இல்லீங்க. எல்லாரும் மாவத்தான் பாத்தீங்க. நானுந்தான்."

டாக்டரம்மா வலி மாத்திரை பத்து நாளைக்குக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் காலையில் எலும்பீட்டு நிலையத்தின் ஆள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான். தள்ளுபடி தானாக ஆகாது, ஈடு வைத்தவர் நேரில் வந்து பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமையோடு ஆபீசைக் காலி செய்கிறோம் என்றான்.

அர்த்தநாரி பாவாயியைச் சேரோடு தூக்கிக்கொண்டு போனான். விலைப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். கிருபாகரன் எழுந்து நின்றான். போட நாற்காலி இல்லை, எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. மேசையின் மேல் ஒரு தாள். வலது கை உடைந்தவர்களுக்காகக் கணவன் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு வரி அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

அர்த்தநாரி தாளைப் படித்தான். அறுபத்தொரு கிராம் தாங்கியம் அடங்கிய எலும்புகளை, எவ்விதக் குறையுமின்றி, நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"வேண்டாமுங்க சார்" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"பொருளு. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே வெச்சுக் காப்பாத்துங்க. நகைய வாங்கி வெச்ச சேட்டு அதத் தொலைச்சா அவன்தானே பதில் சொல்லோணும். இது ஒடஞ்சது உங்க பொறுப்புல இருந்தப்ப."

கிருபாகரன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அதுக்குத்தாங்க ஐயா தள்ளுபடியே. வெலை போனதுக்காக இல்ல. எங்கேயோ ஒரு அம்மா வீட்ல கேஸ் போட்டிருக்காங்க. அடகுப் பொருள் சேதமாச்சுன்னு. ஜெயிச்சா அத்தனை பேருக்கும் கட்டணும். அதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரச் சொல்லிட்டாங்க."

"அப்ப நான் வாங்கல."

"நீங்க வாங்கலைன்னா கடன் அப்படியே நிக்கும். வட்டி ஓடும். அந்தக் கேஸ் முடிய எத்தனை வருசமோ. அம்மாவுக்கு அப்பறம்..." அவன் அந்த வார்த்தையை விழுங்கினான். "உலை இல்ல இப்ப. கழிக்க ஒண்ணுமில்ல. சுகந்தி பேருக்குத்தான் போகும். ஏழே கால் லட்சம் ஆயிருச்சு. வாரிசுக்கும் எல்லை உண்டுங்க ஐயா. கோயமுத்தூர்ல ஆபீஸ் வாசல்லயெல்லாம் எலும்புமானி வந்துருச்சு, சுகந்தி எதுல நுழைஞ்சாலும் மணி அடிக்கும்."

அர்த்தநாரி பேனாவை எடுக்கவும் இல்லை, தாளைத் தள்ளவும் இல்லை. வெளியே அடுத்தடுத்த சேர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் மிச்சம் வருவது அவர்களுக்கு, கழிந்து போவது பாவாயி.

"கையெழுத்தப் போடுங்க மாமா" என்றாள் அவள்.

"இருடி."

"எதுக்கு இருக்கறது? புள்ள மேல மணி அடிக்கட்டும்னா?" மூச்சு வாங்கிக்கொண்டு, மேலாளரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். "ஆனா ஒண்ணு. அடகுக் கடையில எழுதிப் போட்டிருப்பானல்ல, பொருளச் சரிபாத்து வாங்கிக்கோங்க, வெளிய போனப்பறம் நாங்க பொறுப்பில்லேன்னு. சும்மா கையெழுத்துப் போட்டுறாதீங்க. நல்லாப் பாத்து வாங்குங்க."

அவன் பார்த்தான். குனிந்து, மரச்சட்டம் கட்டிய வலது கையைப் பார்த்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஆகிவிட்டிருந்த தோள்பட்டையை, பிளாஸ்டிக் சேரில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த இடுப்பை, வெள்ளைச் சாக்கில் சுற்றி வைத்த கால்களைப் பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான். கிருபாகரனும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நிமிர்ந்து, நல்ல நிலையில் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே தன் பேரை முழுசாக எழுதினான்.

கிருபாகரன் அதன் மேல் முத்திரையைக் குத்தினான். கடன் தீர்ந்தது என்று இருந்தது. தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டான்.